டிரக் தரும் இன்டர்நெட்: முகாமில் எஞ்சினை அணையுங்கள்!

அமெரிக்காவில் கோடை விடுமுறை வந்துவிட்டால், வீட்டையே இழுத்துக்கொண்டு புறப்படுகிறவர்கள் உண்டு.

ஆம், வீட்டையேதான்! முன்னால் ஒரு பெரிய பிக்-அப் டிரக். அதன் பின்னால் கொக்கியில் மாட்டிய டிரெய்லர். டிரெய்லருக்குள் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை எல்லாம் இருக்கும். மலையடிவாரத்திலோ ஏரிக்கரையிலோ அதை நிறுத்தி, நாலைந்து நாள் தங்குவார்கள். இதற்குக் "கேம்பிங்" என்று பெயர். அந்த நாட்டில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகளும் இப்படிப் போய் வருகிறார்கள்.

இந்தப் பயணத்தில் இப்பொழுது இன்டர்நெட்டும் கூடவே போகிறது. 2014-ம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி, தன் வண்டிகளுக்குள்ளேயே 4ஜி வைபை வைத்து விற்கத் தொடங்கியது. போர்டு கம்பெனியின் டிரக்குகளிலும் இந்த வசதி வந்தது. மாதாமாதம் பணம் கட்டினால் போதும். வண்டியில் உள்ள எல்லோருடைய போனுக்கும் இன்டர்நெட் கிடைக்கும்.

நல்ல வசதிதான். ஆனால் முகாமில் இறங்கிய பிறகும், இன்டர்நெட்டுக்காகவே எஞ்சினை ஓடவிட்டு வைப்பவர்கள் இருக்கிறார்கள். இது கூடவே கூடாது!

எப்படி வேலை செய்கிறது?

டிரக் இன்டர்நெட்டை உண்டாக்குவது இல்லை. இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

செல்போன் டவரில் இருந்து வரும் அலையை டிரக் பிடிக்கிறது. அதையே வைபையாக மாற்றி, சுற்றிலும் கொடுக்கிறது. நம் போனும் இதைத்தான் செய்கிறது. அப்படியானால் டிரக்குக்கு என்ன பெருமை? அதன் ஆன்டெனா பெரியது. வண்டியின் உச்சியில் இருக்கிறது. ஆகவே, போன் திணறுகிற இடத்தில் டிரக் சமாளித்துவிடும்.

ஆனால், கிணற்றில் தண்ணீர் இருந்தால்தானே வாளி நிரம்பும்? டவரே இல்லாத இடத்தில் டிரக்கும் வெறும் வாளிதான். எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 1872-ல் ஏற்படுத்திய பூங்கா அது. சுமார் 22 லட்சம் ஏக்கர் பரப்பு உள்ளது. அதில் பெரும் பகுதியில் டவர் கிடைக்காது. அங்கே எத்தனை விலை கொடுத்து வாங்கிய டிரக்கும் சும்மா நிற்க வேண்டியதுதான்.

இன்னொன்றும் உண்டு. டிரெய்லரின் சுவர் அலுமினியத் தகடாக இருந்தால், அது வைபை அலையைத் தடுக்கும். டிரக் பத்தடி தூரத்தில் நின்றாலும், உள்ளே படுத்திருப்பவரின் போனில் படம் நின்று நின்று ஓடும்.

டிரக் போனால் இன்டர்நெட்டும் போகும்

முகாமில் டிரெய்லரைக் கழற்றிவிட்டு, டிரக்கில் ஏறி ஊர் சுற்றிப் பார்க்கப் போவது வழக்கம். அப்பொழுது வைபையும் டிரக்கோடு போய்விடும். டிரெய்லரில் தங்கியிருக்கும் பாட்டிக்கும் கைக்குழந்தைக்கும் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை! இதை நினைத்துப் பார்க்காமல், "இன்டர்நெட் இருக்கிறது, பயம் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போவது சரியா?

பாட்டரி படும் பாடு

டிரக்கின் வைபை வேலை செய்ய, சாவி போட்டு மின்சாரம் ஓடவேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டு மின்சாரத்தை மட்டும் ஓடவிட்டால், பாட்டரி இறங்கிக்கொண்டே வரும்.

டிரக்கில் இருப்பது எஞ்சினைக் கிளப்புவதற்கான பாட்டரி. ஒரு சில விநாடிகளுக்கு நிறைய மின்சாரம் கொடுப்பதே அதன் வேலை. மணிக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால், அது தாங்காது. இரவெல்லாம் சினிமா பார்த்துவிட்டு, காலையில் சாவியைத் திருப்பினால் "கிளிக்" என்ற சத்தம்தான் வரும். பக்கத்து ஊர் 50 மைல் தூரத்தில் இருந்தால் என்ன செய்வது?

உயிருக்கே ஆபத்து!

"பாட்டரிதானே பிரச்சினை? எஞ்சினை ஓடவிட்டால் போகிறது!" என்று சிலர் நினைக்கிறார்கள். இதுதான் எல்லாவற்றையும் விட மோசமான யோசனை.

எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை, வாசனையும் இல்லை. டிரக்கின் புகைக்குழாய், டிரெய்லருக்குப் பக்கத்திலேயே இருக்கும். காற்று அந்தப் பக்கம் வீசினால், ஜன்னல் வழியாகவும் தரையில் உள்ள இடுக்கு வழியாகவும் வாயு உள்ளே புகும். முதலில் தலைவலி வரும். பிறகு குமட்டல், மயக்கம். தூங்குகிறவர்களுக்கு இது எதுவுமே தெரியாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். ஒரு சினிமாவுக்காகக் குடும்பத்தையே பணயம் வைக்கலாமா?

பக்கத்து முகாமில் இருப்பவர்களையும் நினைக்க வேண்டும். அவர்கள் அருவிச் சத்தத்தையும் பறவைச் சத்தத்தையும் கேட்க வந்தவர்கள். உங்கள் எஞ்சின் சத்தத்தைக் கேட்க வந்தவர்கள் அல்ல! அங்கே பல முகாம்களில், இரவு 10 மணியில் இருந்து காலை 6 மணி வரை சத்தம் போடக் கூடாது என்ற விதியே உண்டு.

அப்படியானால் வேண்டாமா?

"காட்டுக்குப் போய் இன்டர்நெட் எதற்கு? மரத்தையும் நட்சத்திரத்தையும் பாருங்கள்" என்று சிலர் சொல்வார்கள். அதுவும் முழு நியாயம் அல்ல.

2018-ல் கலிபோர்னியாவில் பாரடைஸ் என்ற ஊரைக் காட்டுத் தீ அழித்தது. 85 பேர் மாண்டனர். தீ எந்தப் பக்கம் வருகிறது, புயல் வருமா என்று அறிய இன்டர்நெட் உதவும். வழியில் பயணம் செய்துகொண்டே ஆபீஸ் வேலை பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஊரில் உடம்பு சரியில்லாத தாயாரை ஒரு நிமிடம் பார்க்க வேண்டும் என்று மகன் விரும்பமாட்டானா? ஆகவே இன்டர்நெட் வேண்டும். ஆனால் அளவோடு வேண்டும்.

என்ன செய்யலாம்?

டிரக் ஓடும்பொழுது வைபையைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அப்பொழுது எஞ்சின் எப்படியும் ஓடுகிறது, பாட்டரியும் ஏறுகிறது. பின் இருக்கையில் உள்ள குழந்தைகள் படம் பார்க்கட்டும். ஓட்டுகிறவர் மட்டும் சாலையைப் பார்க்கட்டும்!

முகாமில் இறங்கியதும் எஞ்சினை அணைத்துவிடுங்கள். மாலையில் பதினைந்து நிமிடம் மட்டும் வைபையைப் போடுங்கள். வானிலையைப் பாருங்கள். வீட்டுக்குச் செய்தி சொல்லுங்கள். பிறகு நிறுத்திவிடுங்கள்.

சினிமா வேண்டுமானால், புறப்படும் முன் வீட்டிலேயே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். தெளிவான படம் ஒரு மணி நேரம் ஓடினால், சுமார் 3 ஜிபி டேட்டா செலவாகும். இரண்டு மணி நேரப் படத்துக்கு 6 ஜிபி! கட்டிய பணம் எப்படிக் கரைகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தினமும் பல மணி நேரம் இன்டர்நெட் வேண்டுமா? டிரெய்லருக்குத் தனியாக ஒரு சிறிய ஹாட்ஸ்பாட் வாங்கி வையுங்கள். விளக்குக்கும் தண்ணீர் பம்புக்கும் டிரெய்லரில் வேறு பாட்டரி இருக்கும். மெதுவாக, நெடுநேரம் மின்சாரம் கொடுப்பதற்கு என்றே செய்த பாட்டரி அது. கூரையில் சூரிய ஒளித் தகடு இருந்தால், பகலில் மறுபடியும் ஏறிவிடும். டிரக் வெளியே போனாலும், பாட்டிக்கு இன்டர்நெட் இருக்கும்.

கடைசியாக ஒன்று. டவர் கிடைக்காத இடத்துக்குப் போகும்பொழுது, காகித வரைபடமும், பாட்டரியில் ஓடும் வானிலை ரேடியோவும் கையில் இருக்கட்டும். எங்கே போகிறோம், எப்பொழுது திரும்புவோம் என்று ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த நாளில் திரும்பாவிட்டால், அவர் தேடச் சொல்வார். டவர் இல்லாத இடத்தில் எந்த டிரக்கும் இந்த உதவியைச் செய்யாது.