ரயில் பாதையும் ஒரு ஜாதியா?

2024-ம் வருஷம் அக்டோபர் மாதம் 4-ந் தேதி, திருத்தணிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த 19 வயது வாலிபன் ஒருவன் சென்ட்ரல் ரயில் நிலையத்தருகில் தாக்கப்பட்டான். 9-ந் தேதி ஆஸ்பத்திரியில் மாண்டான். தாக்கியதாகப் பச்சையப்பன் கல்லூரி மாணாக்கர் சிலர் கைதானார்கள். இரு கல்லூரிக்குள்ளும் நெடுநாளாக உள்ள பகையே காரணம் என்று சொல்லப்பட்டது.

2019-ம் வருஷம் ஜூலையில் அரும்பாக்கத்தில் நடந்ததோ இதைவிட விசித்திரம். பஸ்சில் வந்த மாணாக்கர்களை மாணாக்கர்களே பட்டாக்கத்தியுடன் விரட்டி வெட்டினார்கள். வெட்டினவர்களும் வெட்டுப்பட்டவர்களும் ஒரே பச்சையப்பன் கல்லூரிப் பிள்ளைகள். பஸ் ரூட்டுத்தான் வேறு! ஒவ்வொரு ரூட்டுக்கும் ஒரு தலைவனாம். அவனுக்கு "ரூட்டு தல" என்று பட்டமாம்.

தோழர்களே! இது எங்கேயோ கேட்ட கதையாக இல்லையா? கும்மிடிப்பூண்டிப் பாதையில் வருகிறவன் பொன்னேரிப் பக்கம் பிறந்ததால் அந்த வண்டியில் வருகிறான். திருத்தணிப் பாதையில் வருகிறவன் அந்தப் பக்கம் பிறந்ததால் இந்த வண்டியில் வருகிறான். இதில் அவனவன் சம்பாதித்த பெருமை என்ன இருக்கின்றது? பிறந்த இடத்தைக் கொண்டு ஒருவன் உயர்ந்தவன், ஒருவன் விரோதி என்பதற்குத்தானே ஜாதி என்று பெயர்! ஆயிரம் வருஷத்து ஜாதி போதாதென்று, ரயில்வேக்காரன் போட்ட தண்டவாளத்திலும் ஒரு ஜாதியை உண்டாக்கிக்கொள்ள வேண்டுமா?

"இவர்களுக்குப் படிப்பறிவு இல்லை" என்று சிலர் சொல்லுவார்கள். அதை நாம் ஒப்பமாட்டோம். கொலை தப்பா, சரியா என்று பரீட்சையில் கேட்டால் ஒருவனாவது சரி என்று எழுதுவானா? தப்பென்று தெரிந்தவன்தான் கும்பலில் நிற்கும்போது கையை ஓங்குகின்றான். ஏன்? "நம்மைக் கோழை என்பார்களே" என்ற வெட்கமும், "நம் ரூட்டு" என்ற மமதையும் சேர்ந்து, யோசிக்கவேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்லிவிடுகின்றன.

இதற்கு வேண்டியதைத்தான் உணர்ச்சியறிவு என்கிறார்கள். அமெரிக்காவில் பீட்டர் சாலோவே, ஜான் மேயர் என்ற இரு மனோதத்துவ சாஸ்திரிகள் 1990-ல் இதைப் பற்றி எழுதினார்கள். தன் மனதில் எழுவது கோபமா, பயமா, வெட்கமா என்று அறிவது. எதிரிலிருப்பவன் மனதையும் அறிவது. அறிந்து தன்னை நடத்திக்கொள்ளுவது - இவ்வளவுதான் சங்கதி.

ஆனால் இதுமாத்திரம் போதும் என்று நாம் சொல்ல வரவில்லை. பிறர் மனதை அறிவதில் ஜோசியனுக்கும் சாமியாருக்கும் குறைவா? வந்தவன் முகத்தைப் பார்த்தே அவன் துக்கத்தைக் கண்டுபிடித்துப் பணமாக்கிவிடுகிறானே! ரூட்டு தலைவனும் அப்படியே. முதல் வருஷத்துப் பையனின் பயத்தையும், நாலு பேர் மெச்சவேண்டும் என்ற ஆசையையும் நன்றாய் அறிந்துதான் அவனை முன்னே தள்ளுகிறான். ஆகையால் உணர்ச்சியை அறிந்தால் மட்டும் போதாது, அதைப் பகுத்தறிவின் முன் நிறுத்தி, "நீ எங்கிருந்து வந்தாய்? உன்னால் யாருக்கு லாபம்? யாருக்கு நாசம்?" என்று கேட்கவும் வேண்டும். கடவுளையும் சாஸ்திரத்தையும் கேள்வி கேட்கத் துணிந்த நாட்டில், பதினெட்டு வயதுக் கோபத்தைக் கேள்வி கேட்கக் கூடாதா?

இதனால் நாசமாகிறவர்கள் யார்? சீமான் வீட்டுப் பிள்ளைகளா? மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு வருகிறவர்களில் அநேகர் தம் குடும்பத்தில் முதன்முதல் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். அடிபட்டால் உயிர் போகும். அடித்தால் வழக்கு ஏறி உத்தியோகம் போகும். இரண்டிலும் அழுகிறவள் ஒரு கூலிக்காரத் தாயே.

பச்சையப்ப முதலியார் திருவள்ளூர் ஜில்லாப் பெரியபாளையத்தில் பிறந்தவர். அவர் விட்டுப்போன பணத்தில் எழுந்த கல்லூரியில் அண்ணா படித்தார். மாநிலக் கல்லூரியில் சர் சி.வி. ராமன் படித்தார். பெருமை வேண்டுமானால் அந்தப் பெருமை போதாதா?

ஆகவே கல்லூரி ஆசிரியர்களும் ஊர்ப் பெரியவர்களும் போலீசை மட்டும் நம்பியிராமல், பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசவேண்டும். வாலிபர்களுக்கு நாம் சொல்லுவது ஒன்றே: கும்பலோடு சேர்ந்து கத்துவதற்குத் தைரியம் வேண்டியதில்லை. அதே கும்பலில் நின்று "நான் வரமாட்டேன்" என்று சொல்லுகிறவனே சுயமரியாதைக்காரன்.