வாரம் ஒரு மணி நேரம் யாருக்கு?

தற்கொலை எண்ணத்தில் தவிப்பவரின் அழைப்பை ஏற்க, 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ‘சிநேகா’ தென்சென்னையில் இருக்கிறது. குடியிலிருந்து மீள, அடையாறு பக்கம் 1980 முதல் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை. தீவிர மனநோய்க்குக் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகமும், டாக்டர் சாரதா மேனன் 1984-இல் நிறுவிய ‘ஸ்கார்ஃப்’பும் உண்டு. ஆனால், நெருக்கடி எதுவும் இல்லாமல் உள்ளுக்குள்ளேயே தேய்ந்துகொண்டிருப்பவர் எங்கே போவார்?

அவர் வேலைக்குப் போகிறார், பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டுகிறார். மேலதிகாரி குரலை உயர்த்தினால் மட்டும் பத்து வயதுச் சிறுவனைப் போல் நா வறண்டு நிற்கிறார். மாத்திரை போட்டால் தூக்கம் வருகிறது. மறுநாள் காலை அந்தப் பயம் அப்படியே இருக்கிறது.

இப்படிப்பட்டவர்களுக்கு உதவுவதுதான் உளஇயக்கச் சிகிச்சை. வாரம்தோறும் அதே நாள், அதே நேரம், அதே சிகிச்சையாளர், சுமார் 50 நிமிடங்கள். அங்கே அறிவுரை கிடைக்காது. சிகிச்சையாளர் இரண்டு வாரம் விடுப்பில் போனால், அப்பாவிடம் காட்டாமல் அடக்கிய கோபம் அவர்மீது பாயலாம். அவர் பதிலுக்குக் கோபிப்பதில்லை, ஒதுக்குவதுமில்லை. அந்தக் கோபம் எங்கிருந்து கிளம்பியது என்று இருவருமாகத் தேடுகிறார்கள். பழைய உறவு ஒரு புதிய உறவுக்குள் மறுபடி நடந்து, இம்முறை வேறு விதமாக முடிகிறது. இதற்கு மாதங்கள் ஆகும், சிலருக்கு ஆண்டுகள். பேசி முடித்த பிறகும் இதன் பலன் வளர்வதாக, பல ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் எழுதினார் அமெரிக்க உளவியலாளர் ஜோனதன் ஷெட்லர்.

“மனம்விட்டுப் பேச வீட்டில் ஆள் இல்லையா?” என்பார்கள். வீட்டைப் பற்றியே பேச வேண்டியவர் வீட்டாரிடம் எப்படிப் பேசுவார்? எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்திருக்கும் மயிலாப்பூர் போன்ற இடத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. சிகிச்சையாளர் அத்தைக்குத் தெரிந்தவராக இருக்கலாம். மார்கழிக் கச்சேரியில் அடுத்த வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். சிகிச்சைக்கு வெளியே வேறு உறவு கூடாது என்ற விதியை இங்கே கூடுதல் கண்டிப்போடு காக்க வேண்டும்.

உளப்பகுப்பாய்வில் வேர்கொண்ட இந்தச் சிகிச்சையை மேல்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்குவதும் சரியல்ல. கிரீந்திரசேகர் போஸ் 1922-லேயே கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். இந்திய மனம் குறித்து ஃப்ராய்டோடு கடிதத்தில் வாதாடவும் செய்தார். அந்தத் துணிச்சலைத் தமிழில் நாம் தொடர்ந்திருக்க வேண்டும். தமிழில் திட்டு வாங்கி வளர்ந்தவருக்கு அழுகையும் தமிழில்தான் வரும்; சிகிச்சையாளருக்கான பயிற்சியோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கிறது.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது பணம். மனநோய்க்கும் உடல்நோய்க்கு இணையான காப்பீடு வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். ஆனால், பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தருகின்றன. வாரம்தோறும் உட்கார்ந்து பேசுகிறவர் கைக்காசைத்தான் கொடுக்க வேண்டும். பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, பெரும்பாலான மனநோய்களில் பாதிக்கப்பட்டோரில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் சிகிச்சையே பெறவில்லை. இந்த நிலையில் நீண்ட சிகிச்சை ஆடம்பரம் அல்லவா என்று கேட்கலாம். எல்லோருக்கும் அது தேவையில்லை என்பது உண்மை. தேவைப்படுகிறவர் யார் என்பதை அவர் பர்ஸ் முடிவு செய்வது அநியாயம்.

மாநகராட்சி மருத்துவமனைகளில், அதே நபரை வாரம்தோறும் பார்க்க நேரம் ஒதுக்கப்பட்ட, தமிழில் பயிற்சி பெற்ற உளவியலாளர்களை அரசு நியமிக்க வேண்டும். முதலில் நியமிக்கப்படுகிறவர்கள், வேலை முடிந்து வருகிறவர்களுக்காக, மாலை ஆறு மணிக்கு மேல் பணியாற்றட்டும்.