ஆம்பிளிபயர் வாங்கப் போன கதை

எங்கள் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கணிதம் போதித்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், சென்ற மாதம் ஒரு கத்தைக் காகிதத்துடன் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அத்தனையும் ஆம்பிளிபயர் விளம்பரங்கள்! "நீர் பௌதிகம் படித்தவர். இவற்றில் எதை வாங்கலாம், சொல்லும்" என்றார். விலையைப் பார்த்தேன்; தலை சுற்றியது. அவருக்குக் கிடைத்த பணிக்கொடையில் கால் பங்கு அதற்கே போய்விடும் போலிருந்தது.

"இவ்வளவு உயர்ந்த சாமான் எதற்கு, ஸார்?" என்று கேட்டேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அவள் பாடியது ஒரு காஸெட்டில் இருக்கிறது. அதை நன்றாகக் கேட்க வேண்டும்" என்றார். அவருடைய மனைவி காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது.

இதற்கு மேல் நான் என்ன சொல்ல? இருவருமாகக் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தோம். அன்று பேசிய விஷயம் மற்றக் குடும்பத்தினருக்கும் உபயோகப்படலாம் என்றே இங்கு எழுதுகிறேன்.

'இன்டக்ரேட்டட் ஆம்பிளிபயர்' என்பது இரண்டு கருவிகளை ஒரே பெட்டியில் அடக்கியது. முதற் பகுதி, பாட்டு இசைத்தட்டிலிருந்து வரவேண்டுமா, ஸி.டி.யிலிருந்து வரவேண்டுமா என்று தேர்ந்து, ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது. இரண்டாம் பகுதி அந்தச் சிறிய மின் அலைக்கு ஒலிபெருக்கியை அசைக்கும் வலிமையைக் கொடுக்கிறது.

விளம்பரங்களில் முதலில் கண்ணைப் பறிப்பது வாட் கணக்கு. 50 வாட்டைவிட 100 வாட் இரு மடங்கு சப்தம் தரும் என்று நண்பர் எண்ணியிருந்தார். கணித ஆசிரியரே ஏமாந்தால் மற்றவர்களைப் பற்றிச் சொல்வானேன்? வாட் இரட்டித்தால் ஒலி 3 டெஸிபல்தான் உயரும். செவிக்கு இரு மடங்காகத் தோன்றச் சுமார் 10 டெஸிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். 1 வாட்டில் 1 மீட்டர் தூரத்தில் 90 டெஸிபல் தரும் ஒலிபெருக்கிக்கு 50 வாட் கொடுத்தாலும், 87 டெஸிபல் தருவதற்கு 100 வாட் கொடுத்தாலும் பலன் ஒன்றே. ஒலிபெருக்கியை அறியாமல் ஆம்பிளிபயரைத் தேர்வது, காலை அளக்காமல் செருப்பு வாங்குவது போலாகும். 1978-இல் வெளிவந்த 'நாட் 3020' என்ற பெட்டிக்கு 20 வாட்தான் கணக்கு. ஆயினும் அது பல தேசங்களில் நற்பெயர் பெற்றது.

வாட்டைவிடக் கவனிக்க வேண்டியவை வேறு உண்டு. 8 ஓம் ஒலிபெருக்கிக்கு 60 வாட் தரும் பெட்டி, 4 ஓமுக்கு 100 வாட்டுக்கு மேல் தருமானால், அதன் உள்ளே மின்சாரம் வழங்கும் பகுதி பலமானது என்று கொள்ளலாம். 'கிளாஸ் ஏ' வகை, பாட்டு நின்ற வேளையிலும் மின்சாரத்தைத் தின்று கொதிக்கும்; சித்திரை மாதத்தில் அதை மூடிய அலமாரியில் வைப்பது தகாது. 'கிளாஸ் டி' வகை அவ்வளவு சூடேறாது. பழைய இசைத்தட்டுக்கள் உள்ளவர்கள் 'போனோ' என்ற துவாரம் உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தட்டின் ஊசியிலிருந்து வருவது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கே.

ஒலி சிதையாமல் பெருக்கும் வித்தையோ புதிதன்று. 1927-இல் அமெரிக்காவில் ஹரால்ட் பிளாக் என்ற எஞ்சினியர், படகில் ஆற்றைக் கடந்து வேலைக்குச் செல்லும்போது, வெளிவரும் அலையில் ஒரு பகுதியைத் தலைகீழாகத் திருப்பி உள்ளே விட்டால் சிதைவு குறையும் என்று கண்டு, கையிலிருந்த பத்திரிகையிலேயே குறித்துக்கொண்டார். அதன் பயனாக, இன்று நடுத்தர விலைப் பெட்டிகளிலும் சிதைவு காதுக்கு எட்டாத அளவில் இருக்கிறது.

இதையெல்லாம் சொல்லியும் நண்பருக்குச் சமாதானமாகவில்லை. கடைக்குப் போனோம். விலை உயர்ந்த பெட்டியில் பாட்டு வைத்ததும், "ஆஹா! மிருதங்கத்தின் தொப்பி எப்படிப் பேசுகிறது!" என்றார். உண்மைதான். ஆனால் கடைக்காரர் அதைச் சற்று உரக்க வைத்திருந்தார். சிறிதளவு உரக்கக் கேட்பதையே சிறந்ததென்று காது நம்பிவிடும். மந்த ஒலியில் அடிநாதம் செவிக்குக் குறைவாகத் தெரிவதும் இயற்கை. அளவு காட்டும் கருவியை வாங்கி, இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்து, நண்பரைத் திரும்பி உட்காரச் சொன்னேன். பத்துத் தடவை கேட்டார். ஐந்து தடவை சரியாகச் சொன்னார். காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவு தேறியிருக்கும்!

மூன்றில் ஒரு பங்கு விலையுள்ள பெட்டியே வீட்டுக்கு வந்தது. மிச்சத்தில் நல்ல ஒலிபெருக்கிகளும், எதிரொலி அடங்கத் தரைக்கு ஒரு ஜமக்காளமும் வாங்கினோம். எல்லாவற்றுக்கும் முன்பாக அந்தக் காஸெட்டைக் கம்ப்யூட்டரில் பிரதி எடுக்கச் செய்தோம். காந்த நாடா காலத்தால் கெடும். அதில் பதியாத நாதத்தையும், அழிந்துபோன நாதத்தையும் எந்த ஆம்பிளிபயரும் திருப்பித் தராது.

பிரதி எடுத்தவர், நாடாவின் இரைச்சலைக் குறைத்துத் தருவதாகச் சொன்னார். பாட்டின் நடுவே அந்த அம்மாள், "அடுப்பை அணையுங்கள், பால் பொங்குகிறது" என்று குரல் கொடுத்திருக்கிறார். அதையும் வெட்டிவிடலாமா என்று கேட்டார்.

"இரைச்சலை உம் இஷ்டப்படி செய்யும். பால் மட்டும் பொங்கட்டும்" என்றார் நண்பர்.

உங்கள் வீட்டிலும் பெட்டிக்குள் இப்படி ஒரு காஸெட் கிடக்கலாம். ஆம்பிளிபயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதை முதலில் வெளியே எடுங்கள்.