சீவாளி பிளந்தால் யார் பொறுப்பு?

திருவிழாக் காலத்தில் நம் ஆலயங்களில் முதலில் எழுவது மங்கல இசையே. கொடியேற்றம் முதல் திருவூஞ்சல் வரை நாதசுவரமும் தவிலும் இன்றி எச்சடங்கும் நிறைவு பெறுவதில்லை. ஆயினும் அவ்விசை இடையே தடைப்பட்டுவிட்டால், நாம் உடனே கலைஞரைக் குறை கூறிவிடுகிறோம். இது முறைதானா?

நாதசுவரத்தின் உயிர் சீவாளி. காவிரிப் படுகையின் நாணலைப் பதப்படுத்திச் சீவாளி செய்யும் கலைக்குத் திருவாவடுதுறை பெயர் பெற்றது. சிறிய அப்பொருள் உதட்டின் ஈரத்திலும் மூச்சின் அழுத்தத்திலும் இயங்குவது. ஈரம் மிகுந்தால் தளரும், உலர்ந்தால் இறுகும், பல் பட்டால் பிளக்கும். வாத்தியத்தில் நூலில் கட்டித் தொங்கும் மாற்றுச் சீவாளிகள் வெறும் அலங்காரம் அல்ல. ஆபத்துக்கு உதவும் துணை.

தவிலின் நிலையும் அத்தகையதே. மழைக்காற்றில் அதன் தோல் தளர்ந்து ஒலி மங்கும், வெயிலில் இறுகும். முன்னாளில் வாரால் இழுத்துக் கட்டிய தவிலுக்கு இன்று திருகாணிகள் வந்துள்ளன. தளர்ந்த தோலை அவை இறுக்கும். கிழிந்த தோலை என் செய்யும்? வீட்டில் சாதகம் செய்யும்போது இவை நேர்ந்தால் நிறுத்திச் சரிசெய்யலாம். தீபாராதனை வேளையில் அதற்கு அவகாசம் ஏது?

நம் நாட்டின் தட்பவெப்பமோ மேலும் சோதனை தருவது. குளிரூட்டிய மண்டபத்தில் சுருதி சேர்த்த வாத்தியம், வெளியே புழுக்கத்தில் தேரின் முன் செல்லும்போது மாறிவிடுகிறது. கோலாலம்பூரிலிருந்து பத்துமலை செல்லும் வெள்ளி இரத ஊர்வலம் போன்று பல மணி நேரம் நீளும் புறப்பாடுகளில், திடீர் மழைக்கு வாத்தியத்தை மறைக்கக் கலைஞர் தம் மேல்துண்டையே நாட வேண்டியிருக்கிறது.

இத்தொல்லை வேண்டாமென்று சில ஆலயங்கள் மின்சார மேள இயந்திரத்தை நாடுகின்றன. அதில் சீவாளி பிளப்பதில்லை என்பது உண்மையே. ஆனால் சுவாமி புறப்பாட்டின் குறிப்பறிந்து மல்லாரியைத் தொடங்க அதற்குத் தெரியுமா? குருக்களின் கையசைவைக் கண்டு கெட்டிமேளம் கொட்டுமா? மின்சாரம் நின்றால் அதுவும் ஊமையே. பிழை நேரலாம் என அஞ்சி உயிருள்ள இசையை விலக்கினால், அடுத்த தலைமுறையில் இக்கலையைக் கற்க எவர் முன்வருவார்?

ஆலய நிர்வாகத்தினர் செய்ய வேண்டியவை மிகச் சிலவே. வாத்தியங்களைச் சுருதி சேர்க்க ஈரமில்லா ஓர் அறையும் அரை மணி நேரமும் அளிக்கலாம். ஊர்வலத்தில் சுவாமிக்குப் பிடிக்கும் குடையுடன் மேளத்திற்கும் ஒரு குடை சேர்க்கலாம். மாற்றுத் தவில் ஒன்றை ஆலயமே வைத்திருக்கலாம். மலருக்கும் மாலைக்கும் உபயம் ஏற்கும் அன்பர்கள், சீவாளிக்கும் தவில் தோலுக்கும் உபயம் ஏற்றால் அதுவும் இறைபணியே அன்றோ?

பக்தப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாத்தியம் ஒரு கணம் மௌனமானால் நகைக்க வேண்டாம். மாற்றுச் சீவாளியைப் பொருத்தி மீண்டும் இராகம் பிடிக்கும் அக்கலைஞர், நமக்காக இறைவனை அழைப்பவர். அதுவரை பொறுத்திருப்பதும் வழிபாட்டின் ஓர் அங்கமே.