அளக்காத நீருக்கு ஏது சந்தை?

சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் வரும்போதெல்லாம் ஒரு யோசனையும் கூடவே வரும். தண்ணீர் சும்மா கிடைப்பதால்தான் வீணாகிறது. அதை எடுக்க உரிமம் பெற்றவர்கள் தங்கள் பங்கைத் தங்களுக்குள் விற்கவும் வாங்கவும் விட்டுவிட்டால், யாருக்கு அதிகம் தேவையோ அவரிடம் அது தானாகப் போய்ச் சேரும் என்பதே அந்த யோசனை. மீஞ்சூர்ப் பக்கம் நெல் போடுகிறவர் ஒரு போகத்தை விட்டுவிட்டு அந்த நீரை மணலி ஆலைக்கு விற்றால் அவருக்கும் லாபம், ஆலைக்கும் லாபம், நகரத்துக்கும் நிம்மதி என்று கணக்குச் சொல்வார்கள். இது வெறும் வாய்ப்பேச்சும் இல்லை. குடிநீர், சுகாதாரம், உணவுப் பாதுகாப்பு போன்ற முன்னுரிமைத் தேவைகள் போக மீதமுள்ள நீரைப் பொருளாதாரப் பண்டமாகவே நடத்த வேண்டும் என்று 2012ஆம் ஆண்டின் தேசிய நீர்க் கொள்கை எழுதிவைத்திருக்கிறது. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் தொழிற்பட்டைக்கும், அதற்கு நீர் கொடுத்து உவர்த்துப்போன கிராமங்களுக்கும் இந்த நியாயம் பொருந்தாது. இங்கே விற்கப்படும் நீர் விற்பவருக்கு மட்டும் சொந்தமானதில்லை. அந்தக் கிராமங்களின் நிலத்தடிப் படுகையிலிருந்து ஆண்டுக்கு மொத்தம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று எந்தச் சட்டமும் வரம்பு கட்டியதும் இல்லை. வரம்பில்லாத இடத்தில் சந்தை சிக்கனத்தைக் கொண்டுவராது; இறைப்பதை வேகப்படுத்தும்.

இதற்கு ஆதாரம் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. 1960களின் பிற்பகுதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் ஆரணியாறு, கொசஸ்தலையாறு வடிநிலத்தில் நிலத்தடி நீர் ஆய்வு நடந்தது. ஆறுகள் பழங்காலத்தில் ஓடிய தடங்களில் மணலும் கூழாங்கல்லுமாகப் புதைந்துகிடந்த படுகைகளில் நல்ல நீர் இருப்பது தெரிந்தது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தொகுப்புகள் எழுந்தன. அதே காலத்தில்தான் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் வந்தன. இந்தக் கிணறுகளின் நீர் அவற்றுக்குப் போனது. கடலோரப் படுகைக்கு ஒரு கணக்கு உண்டு. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் உயர்ந்து நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம்வரை உப்புநீரை அது தள்ளி நிறுத்தும். மேலே 1 மீட்டரை இழந்தால் கீழே அத்தனையையும் இழக்கிறோம். மீஞ்சூரில் நடந்தது அதுதான். 1960களின் இறுதியில் கரையிலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் அளவில் இருந்த உவர்ப்பு 1980களில் ஏழைத் தாண்டியது. இந்த நூற்றாண்டில் பத்தையும் தாண்டி உள்ளே போய்விட்டது. நிலத்துக்கடியில் ஏறிய உப்பை ஒரு நல்ல மழைக்காலம் கழுவிவிடாது. அதை வெளியேற்றப் பல ஆண்டு ஊட்டநீர் வேண்டும், அத்தனை ஆண்டும் இறைப்பதை அடக்கி வைக்கவும் வேண்டும்.

இந்தப் படுகையில் ஒரு கிணற்றுக்காரர் தம் நீரை விற்கிறார் என்றால் என்ன நடக்கிறது? கையெழுத்துப் போடுவது ஒருவர். நீர்மட்டம் இறங்குவது ஊர் முழுவதற்கும். பாகம் பிரிக்காத குடும்பச் சொத்தை ஒரு பங்காளி மட்டும் கிரயம் செய்துகொடுப்பது போன்றது இது. சொத்து விஷயத்தில் அந்தக் கிரயம் மற்றவர்கள் பங்கின் மேல் நிற்காது என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் விஷயத்தில் மட்டும் சட்டமே அதற்கு இடம் கொடுக்கிறது. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், வரையறுத்த வாய்க்காலில் ஓடாத நிலத்தடி நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ள நில உரிமையாளருக்கு உரிமை உண்டு என்கிறது. டீசல் எஞ்சினும் மின்மோட்டாரும் வயலுக்கு வராத காலத்தில், கவலை ஏற்றமும் கை ராட்டினமும் இறைக்கும் அளவை மனதில் வைத்து எழுதிய விதி அது. ஆழ்துளைக் குழாயும் நீர்மூழ்கி மோட்டாரும் வந்த பின்பும் அதே விதியின் மேல் சந்தை கட்டினால், ஆழமாகத் துளைக்கப் பணம் உள்ளவர் அடுத்தவர் பங்கையும் சேர்த்து விற்பார். உரிமம் என்று ஒரு தாளைக் கையில் கொடுத்துவிட்டால் இந்த அநியாயம் நியாயமாகிவிடாது. அதற்கு ஒரு முத்திரை கிடைக்கும், அவ்வளவுதான்.

சந்தை இனிமேல்தான் வர வேண்டும் என்பதும் தவறான எண்ணம். அது ஏற்கெனவே இருக்கிறது. 2000களின் வறட்சி ஆண்டுகளில் சென்னைக் குடிநீர் வாரியமே திருவள்ளூர் மாவட்டத்தில் விவசாயக் கிணறுகளிலிருந்து நீரை விலைக்கு எடுத்தது. தனியார் லாரிகள் அதற்கு முன்பும் எடுத்தன, இப்போதும் எடுக்கின்றன. வயல் வரப்போரம் ஒரு இரும்புக் குழாய் மேலெழுந்து வளைந்து நிற்கும். அதன் வாயில் தடித்த ரப்பர் ஹோஸ், கீழே எப்போதும் காயாத சேறு, பாதையில் வரிசையாக 12,000 லிட்டர், 24,000 லிட்டர் லாரிகள். கணக்கு நடையில்தான்: இத்தனை நடைக்கு இத்தனை ரூபாய். இந்த வியாபாரத்தில் கிணற்றுக்காரருக்குப் பயிரைவிட நிச்சயமான வரும்படி. லாரிக்காரருக்கும் வாங்குபவருக்கும் நஷ்டமில்லை. நடவுக்கும் களையெடுப்புக்கும் கூலிக்குப் போனவர்களுக்கு மட்டும் வேலை போனது. நிலமும் கிணறும் இல்லாத அவர்களை யாரும் கேட்கவில்லை. பக்கத்து வயலின் ஆழமில்லாத கிணறு வற்றியதற்கும் ஒப்பந்தத்தில் இடமில்லை. விவசாயத்துக்கென்று அரசு தரும் இலவச மின்சாரத்தில் இறைத்த நீர் லாரியேறினால், அந்த விலையில் மின்செலவும் சேராது. இறைப்பதற்குச் செலவில்லை, இறைத்ததற்குக் காசு உண்டு என்றால் எவர் மோட்டாரை நிறுத்துவார்? சந்தை உண்மையான விலையைக் காட்டும் என்பவர்கள் இந்த விலையில் எதெல்லாம் விட்டுப்போகிறது என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சட்டம் இல்லாததால்தான் இப்படி, ஒழுங்கான சட்டத்தின் கீழ் வாங்கல் விற்றல் நடந்தால் சரியாகிவிடும் என்று பதில் வரும். சட்டத்துக்கு இங்கே பஞ்சமில்லை. 1987ஆம் ஆண்டின் சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர் (ஒழுங்குமுறை) சட்டம் கிணறு தோண்ட அனுமதி, வீட்டுத் தேவைக்கு அப்பால் எடுக்க உரிமம், லாரியில் கொண்டுபோக உரிமம் என்று மூன்றையும் கேட்கிறது. மாநிலம் முழுமைக்குமாக 2003இல் ஒரு நிலத்தடி நீர்ச் சட்டம் நிறைவேறியது. நடைமுறைக்கே வராமல் 2013இல் ரத்தானது. அளவுக்கு மீறி உறிஞ்சிய பகுதிகளைக் கட்டுப்படுத்த 2014இல் அரசாணை 142 வந்தது; 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்று உத்தரவிட்டபோது தண்ணீர் லாரிக்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், நகரம் தவித்தது. இவை எல்லாவற்றிலும் பொதுவான குறை ஒன்று: தோண்டலாமா, ஏற்றலாமா என்று ஆளையும் வண்டியையும் கேட்கிறார்களே தவிர, படுகையில் இந்த ஆண்டு எவ்வளவு ஊறியது, அதில் எவ்வளவு எடுத்தாயிற்று என்று குழாய்வாரியாக அளந்து எழுதிய வரவு செலவு யார் கையிலும் இல்லை. அந்தப் பேரேடு இல்லாமல் உரிமத்தைக் கைமாற்ற அனுமதித்தால், இதுவரை பயன்படுத்தாமல் கிடந்த உரிமங்களும் விற்பனைக்கு வந்துவிடும். காகிதத்தில் தூங்கிய நீர் குழாயில் ஓடத் தொடங்கும். மொத்த இறைப்பு ஏறுமே தவிர இறங்காது.

இந்த இடத்தில் ஆஸ்திரேலியாவைக் காட்டாமல் எவரும் விடுவதில்லை. காட்டட்டும், ஆனால் முழுவதையும் காட்ட வேண்டும். முர்ரே டார்லிங் வடிநிலத்தில் 1995இல் மொத்த எடுப்புக்கு உச்சவரம்பு வந்தது. நீர் வணிகம் பெரிதாக வளர்ந்தது அதன் பிறகுதான். அங்கே ஒரு உரிமதாரர் தம் ஒதுக்கீட்டை விற்க விண்ணப்பிக்கும்போது, அவர் கணக்கில் அந்த ஆண்டு அவ்வளவு நீர் மீதம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். வாங்குபவர் எந்த மண்டலத்தில் இருக்கிறார், அங்கே நீரைக் கொண்டுசேர்க்க ஆற்றில் இடமிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நிலத்தடி நீராக இருந்தால் அதே படுகைக்குள் மட்டும்தான் கைமாற்றம் என்பது பொது விதி. பிறகு ஒருவர் கணக்கில் கழித்து இன்னொருவர் கணக்கில் ஏற்றுகிறார்கள். இத்தனை இருந்தும் 2017இல் அளவுக்கு மீறி நீர் இறைத்ததாகப் புகார்கள் கிளம்பி விசாரணைகள் நடந்தன. 2021இல் அந்நாட்டுப் போட்டி ஆணையமே இந்தச் சந்தையின் நிர்வாகத்தில் கடுமையான குறைகள் இருப்பதாக அறிக்கை தந்தது. வரம்பு கட்டாமல் சந்தையை மட்டும் எடுத்துக்கொண்ட நாடு சிலி. 1981இல் நிலத்திலிருந்து நீரைப் பிரித்து விற்கத்தக்க சொத்தாக்கியது. பெத்தோர்க்கா பள்ளத்தாக்கில் வெண்ணெய்ப்பழத் தோட்டங்கள் பச்சையாக நிற்க, பக்கத்துக் குடும்பங்கள் லாரி நீருக்குக் காத்திருந்தன. 2022இல் மனிதப் பயன்பாட்டுக்கு முன்னுரிமை தந்து அந்தச் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. நம் நிலைமைக்கு எது நெருக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

நம் நாட்டிலும் ஒரு முயற்சி நடந்தது. மகாராஷ்டிரம் 2005இல் நீர்வள ஒழுங்குமுறை ஆணையம் அமைத்து, நீர் உரிமைகளைப் பருவத்துக்கோ ஆண்டுக்கோ விற்கலாம் வாங்கலாம் என்று சட்டத்திலேயே எழுதியது. ஆனால் பாசன நீர் பெருமளவில் தொழிலுக்கும் நகரத்துக்கும் திரும்பியது விவசாயிகள் விற்றதால் இல்லை. மேல்மட்டக் குழு ஒன்று ஒதுக்கியதால். அதற்கு எதிர்ப்பு வலுத்தபோது, எந்தத் துறைக்கு எவ்வளவு நீர் என்ற முடிவை ஆணையத்திடமிருந்து எடுத்து அமைச்சரவையின் கையில் கொடுக்க 2011இல் சட்டமே திருத்தப்பட்டது. சந்தை வந்தால் அரசியல் விலகிக்கொள்ளும் என்ற நம்பிக்கைக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது. பலமுள்ளவருக்கு நீர் போக வேண்டும் என்றால் அது சந்தைக்காகக் காத்திருப்பதில்லை.

விலையே கூடாதா, இலவசமாகக் கொடுத்தால் ஆலைகள் ஊதாரித்தனம் செய்யாதா என்பது நியாயமான கேள்வி. விலை வைப்பதும் கைமாற்றி விற்கவிடுவதும் வேறுவேறு. ஆலை தான் எடுக்கும் ஒவ்வொரு கிலோலிட்டருக்கும் கட்டணம் கட்டட்டும், கூடுதலாக எடுத்தால் கூடுதலாகக் கட்டட்டும். அதற்கு விவசாயியின் கிணறு சந்தைக்கு வர வேண்டியதில்லை. மணலியின் அனுபவமே இதைச் சொல்கிறது. 1990களின் தொடக்கத்திலேயே அங்குள்ள சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் கொடுங்கையூர்க் கழிவுநீரை வாங்கிச் சுத்தம் செய்து பயன்படுத்தத் தொடங்கின. 2019இல் கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் தரும் மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு நிலையம் திறந்து, அந்த நீர் குழாய்வழியே வடசென்னை ஆலைகளுக்குப் போகிறது. காட்டுப்பள்ளியில் 2010இல் வந்த கடல்நீர்க் குடிநீர் ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் திறனுள்ளது. ஒப்பந்த விலை அப்போது கிலோலிட்டருக்கு ரூ.48.66. அதன் உவர்க்கழிவு கடலுக்குத் திரும்புவதால் மீனவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் கடமையும் அதற்கு உண்டு. ஆனாலும் இந்த இரண்டு வழியிலும் நீரின் விலை தெரிகிறது, அளவு தெரிகிறது, பக்கத்து ஊர்க் கிணறு வற்றுவதில்லை. ஆலைகளைக் கிணற்றிலிருந்து விலக்கியது உரிமதாரர்களின் பேரம் அன்று. பஞ்சத்தின் அச்சமும், அதையொட்டிப் பொது நிறுவனங்கள் எடுத்த முடிவும், போட்ட முதலீடும்தான்.

கடைசியாக வருவது விவசாயியின் பெயரால் சொல்லும் வாதம். பயிரில் நஷ்டப்படுகிறவர் தம் நீரை விற்றுப் பிழைத்துக்கொள்வதைத் தடுக்க நாம் யார் என்று கேட்பார்கள். அவருடைய நஷ்டம் பொய்யில்லை. ஆனால் அதற்கு மருந்து நெல்லுக்கும் காய்கறிக்கும் கிடைக்கும் விலையிலும், குறைந்த நீரில் விளையும் பயிரிலும் இருக்கிறது. நீரை விற்றுப் பிழைக்கும் ஊர் பத்தாண்டில் விற்க நீரில்லாத ஊராகும். அப்போது அங்கே நிலத்தை வாங்கக் கிடங்குக்காரரும் மனை வியாபாரியும்தான் வருவார்கள். 2019 ஜூனில் சென்னையின் ஏரிகளில் கொள்ளளவில் 1 விழுக்காடுகூட இல்லாமல் போய், ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அப்படிப்பட்ட நாளில் கிராமக் கிணற்றைத் தொடாமல் முடியுமா என்றும் கேட்கலாம். தொட வேண்டிய நாள் வரும். அந்த நாளுக்காகவே மற்ற நாட்களில் அதைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். ஆண்டு முழுவதும் விற்றுத் தீர்த்த படுகை பஞ்சத்தில் கைகொடுக்காது.

ஆகவே வரிசையை மாற்ற வேண்டும். ஆரணியாறு, கொசஸ்தலையாறு படுகையில் வணிகத்துக்கு நீர் எடுக்கும் ஒவ்வொரு குழாயிலும் மீட்டர் ஏற வேண்டும். ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்ததும் அந்த ஆண்டுக்கு எடுக்கத்தக்க அளவை அறிவித்து, ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிப்போட வேண்டும். உப்பு ஏறிய ஊர்களில் வணிக இறைப்பு முற்றாக நிற்க வேண்டும். ஆலைகளுக்கு முதலில் சுத்திகரித்த கழிவுநீர், அது போதாதபோதுதான் வேறு நீர் என்பது உரிமத்தின் நிபந்தனையாக வேண்டும். இத்தனையும் நடந்து, வரம்புக்குள் ஒருவருக்கு உண்மையாகவே மிஞ்சும் நீர் உண்டென்றால், அதைக் கைமாற்றலாமா என்று அப்போது பேசலாம். அந்தப் பேச்சில் கூலிக்காரரும் பக்கத்துக் கிணற்றுக்காரரும் உட்கார்ந்திருக்க வேண்டும். அதுவரை, சந்தை தண்ணீரைச் சேமிக்கும் என்று சொல்பவர்கள் மீஞ்சூருக்கு ஒரு பதில் கடன்பட்டிருக்கிறார்கள்: ஆலைக்கும் லாரிக்கும் இத்தனை ஆண்டு நீர் கொடுத்தும் அந்த மண்ணில் சேமிப்பாக மிஞ்சியது உப்பைத் தவிர வேறென்ன?