பெட்ரோல் முள்ளும் பார்த்த கூலியும்

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கேள்வி. உங்க வண்டியில் பெட்ரோல் முள் ஒழுங்கா வேலை செய்யுதா? "அதெல்லாம் எப்பவோ போச்சுப்பா, குத்துமதிப்பா ஓட்டிக்கறேன்"னு சிரிச்சீங்கன்னா, இது உங்களுக்குத்தான்.

நான் படிப்பது பி.காம். ஸ்பானரைச் சரியாகப் பிடிக்கக்கூடத் தெரியாது. இவனுக்கு எதுக்குக் கார் பேச்சுன்னு கேட்கலாம். ஆனா பெட்ரோல் முள் ரிப்பேர் என்பது பாதி எலக்ட்ரிக்கல், பாதி கணக்கு. அந்தக் கணக்கில்தான் நாம எல்லாரும் கோட்டை விடறோம் என்பது என் கட்சி.

முதல்ல அந்த முள் எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம். ரொம்பச் சுலபம். டேங்குக்குள் ஒரு மிதவை, அதாவது ஃப்ளோட். பெட்ரோல் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். அதோட கம்பி ஒரு ரெசிஸ்டன்ஸ் பட்டை மேல் உரசிக்கொண்டே நகரும். இந்த முழு செட்டுக்கும் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பேர் டேங்க் யூனிட். பேட்டரியில் கிளம்பும் கரண்ட் ஃப்யூஸ் வழியா மீட்டருக்கு வந்து, அங்கேயிருந்து ஒரே ஒரு ஒயரில் டேங்க் யூனிட்டுக்குப் போய், கார் பாடி வழியா எர்த் ஆகிறது. டேங்க் யூனிட்டில் ரெசிஸ்டன்ஸ் மாற மாற, முள் நகரும். அவ்வளவுதான் மேட்டர். 1983 முதல் 2014 வரை ஓடித் தீர்த்த மாருதி 800 ஆகட்டும், அதுக்கும் முந்தைய அம்பாசடர் ஆகட்டும், அடிப்படை இதுதான்.

ஆக, முள் பொய் சொன்னால் குற்றவாளி ஐந்து பேரில் ஒருவர்: ஃப்யூஸ், மீட்டர், ஒயர், டேங்க் யூனிட், எர்த். இதில் காசு பிடுங்குவது மீட்டரும் டேங்க் யூனிட்டும்தான். மற்ற மூணும் சில்லறைச் செலவு. ஆனா வண்டியை விட்டதும் முதலில் மாற்றப்படுவது எது? டேங்க் யூனிட்!

எங்க பெரியப்பா கார் கதையும் இதேதான். டேங்க் நிறையப் போட்டாலும் முள் E-யை விட்டு அசையாது. ஒரு ஒர்க் ஷாப்பில் டேங்க் யூனிட்டை மாற்றினார்கள். அசையவில்லை. "அப்போ மீட்டர்தான் சார், மொத்த செட்டா மாத்திடலாம்" என்றார்கள். பெரியப்பா வண்டியை வேறொரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொண்டு போனார். அவர் முக்கால் மணி நேரம் பின்சீட்டுக்கும் டேஷ்போர்டுக்கும் அலைந்து, கடைசியில் பாடியோடு எர்த் ஒயர் சேரும் போல்ட் துருப்பிடித்திருந்ததைக் கண்டுபிடித்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முறுக்கினார். முள் எழுந்து நின்றது.

இப்போ கணக்குக்கு வருவோம். தேவையே இல்லாத டேங்க் யூனிட்டுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் பில். பெரியப்பா மறுபேச்சு இல்லாமல் கொடுத்தார். ஏன்னா கையில் ஒரு பொருள் வந்தது, அட்டைப்பெட்டி வந்தது. உண்மையான கோளாறைக் கண்டுபிடித்தவர் கேட்டது 300. "என்ன தம்பி, ஒரு போல்ட்டைத் தேய்ச்சதுக்கு முன்னூறா?"ன்னு பேரம் பேசி 200 கொடுத்தார். பெரியப்பாவை நான் குறை சொல்லவில்லை. நம்ம எல்லார் வீட்டிலும் இதே கதைதான்.

நாம பொருளுக்குக் காசு கொடுக்கிறோம், பார்த்ததுக்குக் கொடுப்பதில்லை. டாக்டரிடம் மட்டும் பார்த்த கூலி கொடுக்கிறோம். அங்கேயும் ஊசி போடாவிட்டால் சிலருக்குத் திருப்தி இல்லை! பார்த்ததுக்குக் காசு வராது என்று தெரிந்த மெக்கானிக் என்ன செய்வார்? பார்க்காமலேயே மாற்றுவார். அரை மணி நேரம் ஒயரைத் தேடினால் அவருக்கு நஷ்டம். பார்ட் மாற்றினால் அதில் மார்ஜின், மாட்டின கூலி இரண்டும் உண்டு. இதில் அவர் ஏமாற்றுக்காரராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நாம போட்டு வைத்திருக்கும் ரேட் கார்டுபடி அவர் நடந்துகொள்கிறார்.

"பார்க்கறதுக்குக் காசுன்னா, பார்த்துக்கிட்டே இருப்பாங்களே"ன்னு என் நண்பன் ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்வி. அதனால்தான் முதலிலேயே பேசிவிட வேண்டும். "கோளாறைக் கண்டுபிடிக்க இவ்வளவு தர்றேன். என்னென்ன பார்த்தீங்கன்னு சொல்லுங்க. பார்ட் மாத்தறது அப்புறம்." இதைச் சொல்ல நமக்குக் கொஞ்சமாவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கேட்கவேண்டிய வரிசை இதுதான்:

1. டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து செத்திருக்கா? ஆமாம் என்றால் டேங்கைத் தொடவே வேண்டாம். முதல் சந்தேகம் இரண்டுக்கும் பொதுவான ஃப்யூஸ், சப்ளை மேல்தான். மிகப் பழைய கார்கள் சிலவற்றில் இரண்டு மீட்டருக்கும் சேர்த்து ஒரு வோல்டேஜ் ஸ்டெபிலைசர் இருக்கும். அது கெட்டால் இரண்டும் சேர்ந்தே பொய் சொல்லும்.

2. டேங்க் யூனிட்டுக்குப் போகும் ஒயரின் கப்ளரைக் கழற்றினால் முள் எங்கே போகுது? அதே ஒயரை ஒரு சின்ன டெஸ்ட் பல்ப் வழியா எர்த் செய்தால் எங்கே போகுது? பல கார்களில் கழற்றினால் E, எர்த் செய்தால் F பக்கம். சில கார்களில் இது தலைகீழ். எப்படியானாலும் முள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நகர்ந்தால் மீட்டரும் ஒயரும் நல்லா இருக்கு. நகராவிட்டால் கோளாறு முன்பக்கம், டேங்க் யூனிட்டை மாற்றிப் புண்ணியமில்லை.

3. எர்த் பார்த்தாச்சா? பாடியில் ஒயர் சேரும் இடத்தில் துரு இருக்கா?

4. இதெல்லாம் தேறிய பிறகுதான் டேங்க் யூனிட்டை வெளியே எடுக்க வேண்டும். மிதவைக்குள் பெட்ரோல் புகுந்து மூழ்கியிருக்கா? கம்பியைக் கையால் மெல்ல நகர்த்தும்போது மல்டிமீட்டரில் ரீடிங் சீராக மாறுதா, நடுவில் துள்ளுதா? துள்ளினால் பட்டை தேய்ந்துவிட்டது. இப்போ தாராளமா மாற்றுங்கள்.

கோளாறே இல்லாததைக் கோளாறு என்று நினைப்பதும் உண்டு. பழைய வகை மீட்டரில் உள்ளே ஒரு தகடு சூடாகித்தான் முள் ஏறும். சாவி போட்டதும் மெதுவா எழுவது அதன் சுபாவம். டேங்க் சதுரப் பெட்டி கிடையாது. அதனால் முதல் பாதி மெதுவாகவும் அடுத்த பாதி வேகமாகவும் இறங்குவது சகஜம். இதை வைத்து பங்க்கில் ஏமாற்றினார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள். அளவில் சந்தேகமென்றால் முள்ளை நம்பாமல் பங்க்கில் இருக்கும் 5 லிட்டர் அளவுக் கலனில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். அது நம்ம உரிமை. 5 லிட்டருக்கு 25 மில்லி வரைதான் கூடக்குறைய அனுமதி.

"இவ்வளவு எதுக்கு? டேங்க் ஃபுல் பண்ணி, கிலோமீட்டர் பார்த்து ஓட்டினாப் போச்சு" என்பது அடுத்த வாதம். ரிப்பேர் ஆகும் வரைக்கும் சரி. அதையே வழக்கமா வைத்துக்கொள்வது கேஷ் புக் எழுதாமல் கடை நடத்துவது மாதிரி. டிராஃபிக்கில் ஒரு நாள், ஏ.சி. போட்டு ஒரு நாள் என்று மைலேஜ் மாறிக்கொண்டே இருக்கும். டேங்க்கில் எங்கேயாவது ஒழுகினால் கிலோமீட்டர் கணக்கு அதைச் சொல்லவே சொல்லாது. ராத்திரி பைபாஸில், பின்சீட்டில் குழந்தைகளோடு வண்டி நின்றுபோனால், அது மிச்சம் பிடித்த காசில் சேருமா? டேங்குக்குள்ளேயே எலக்ட்ரிக் பம்ப் இருக்கும் கார்களில் இன்னொரு தலைவலி. பம்ப்பைக் குளிர வைப்பதே அந்தப் பெட்ரோல்தான். அடிக்கடி வற்ற விட்டு ஓட்டினால் பம்ப் ஆயுசு குறையும். முள்ளில் சேமித்ததை பம்ப்பில் விடுவோம்.

ஆகவே மகாஜனங்களே, அடுத்த தடவை முள் மக்கர் செய்தால், "எந்த பார்ட் போச்சு?"ன்னு கேட்காதீங்க. "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"ன்னு கேளுங்க. ஒழுங்கா பதில் சொல்பவருக்குப் பேரம் பேசாமல் கூலி கொடுங்க. நாலு பேர் இப்படிக் கொடுக்க ஆரம்பித்தால், பார்த்துவிட்டு மாற்றுவதுதான் லாபம் என்று ஆகிவிடும். அட்வைஸ் பண்ணித் திருத்த முடியாததை ரேட் கார்டு திருத்தும்.

உங்க ஊரில் பார்த்த கூலி கொடுக்கற வழக்கம் உண்டா? சொல்லுங்க, தெரிஞ்சுக்கறேன்.

பி.கு: மேலே உள்ள வரிசை கேள்வி கேட்கத்தான், வீட்டில் நீங்களே டேங்கைத் திறக்க இல்லை. பெட்ரோலைவிட அதன் ஆவி ஆபத்து. டேங்கைத் திறக்கிற வேலையை, பேட்டரியைக் கழற்றிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் விவரம் தெரிந்தவர் செய்யட்டும்.