முதல்ல சிநேகிதன், பிறகு மீனாட்சி

வெளியூர் போறவங்க கோயில், கடை, ஓட்டல்னு எல்லாத்தையும் பார்த்துடறாங்க. அந்த ஊர்ல இருக்கிற சிநேகிதனுக்கு மட்டும் வீடு திரும்பினப்புறம் போன்: "வந்திருந்தேன்பா, நேரமே இல்ல." கேட்கிறவனுக்குச் சுருக்குனு இருக்கும்.

எனக்கு மதுரைன்னா உசிரு. மாட்டைப் பக்கத்து வீட்டுல ஒப்படைச்சு, தண்ணி முறை இல்லாத நாளாப் பார்த்துத்தான் கிளம்ப முடியும். அதனால முதல்ல சிநேகிதன், பிறகுதான் மீனாட்சி. அம்மா கோவிச்சுக்க மாட்டா. கோபுரம் அடுத்த வருசமும் நிக்கும்; அம்பதைத் தாண்டின எங்களுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

வீட்டுக்குப் போனா தொந்தரவுன்னு நினைச்சா, மாட்டுத்தாவணிக்கே வரச் சொல்லுங்க. தூங்கா நகரம், எந்நேரமும் டீ கிடைக்கும். அரை மணி நேரம் போதும்.

விதைக்கிற பட்டம் தப்பினா நட்டம்னு ஊர்ல சொல்வோம். சிநேகத்துக்கும் பட்டம் உண்டுங்க.